முதுகுக்கு ஒன்றரை அங்குலம்

ஜூலை 1, செவ்வாய்

இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு செல்லையா அண்ணாச்சி என் முதுகைப் பார்த்துவிட்டார்.

எட்டு மாதமாக அவருடைய உடற்பயிற்சிக் கூடத்தில்தான் பளு தூக்குகிறேன். இதுவரை பார்த்ததில்லை. ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை பெண்களுக்கான நேரம், அப்போது ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பது அவரே போட்ட விதி. இன்று மின்விசிறி மாட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். விதி போட்டவருக்கு விதி இல்லை போலிருக்கிறது.

நான் பெஞ்சில் படுத்து, கம்பியைப் பிடித்து, முதுகை வளைத்து, மூச்சை இழுத்து நிறுத்தியிருந்தேன்.

"ஏட்டி, என்ன கோலம் இது? அடியில டவுன் பஸ்ஸே போவும் போலிருக்கே."

"பெஞ்ச் பிரஸ், அண்ணாச்சி."

"பெஞ்ச் பிரஸ்னா பெஞ்சுல படுக்கணும். நீ பெஞ்சு மேல பாலம்லா கட்டுத."

மின்விசிறி மாட்ட வந்தவர் ஏணியில் நின்று சிரித்தார். நான் கம்பியை வைத்துவிட்டு எழுந்தேன்.

பிற்காலத்தில் யாராவது இந்த நாட்குறிப்பைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். மல்லாந்து படுத்து, எடை மாட்டிய கம்பியை நெஞ்சு வரை இறக்கி, ஒரு கணம் அசையாமல் நிறுத்தி, மேலே தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி நெஞ்சை உயர்த்தினால், நடு முதுகு தானாகவே பெஞ்சிலிருந்து எழும்பும். தோளுக்கு அது பாதுகாப்பு. கம்பி போய்வரும் தூரமும் குறையும். முதுகை வளைத்தால் நான் நாற்பத்திரண்டரை கிலோ தூக்குவேன். வளைக்காவிட்டால் முப்பத்தைந்து.

ஆகஸ்ட் 3 மாவட்டப் போட்டி. ஐம்பத்திரண்டு கிலோ எடைப்பிரிவிலிருந்து ஒருத்திதான் நாமக்கல்லில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தூத்துக்குடியில் இந்தப் பிரிவில் இரண்டு பேர் இருக்கிறோம். நானும் பொன்சித்ராவும். அவள் என் பள்ளியில் பக்கத்து வகுப்பு. அவள் தூக்குவது நாற்பது.

அண்ணாச்சி மாவட்ட வலுதூக்கும் சங்கத்தின் செயலாளர். பொன்சித்ரா அவருடைய தம்பி மகள். இந்தச் செய்திகளுக்குள் தொடர்பு இருப்பதாக நான் எழுதவில்லை.

ஜூலை 2, புதன்

அண்ணாச்சிக்கு விதி தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். தெரிந்தால் புரிந்துகொள்வார்.

நூலகக் கணினியில் சர்வதேச விதிப் புத்தகத்தைத் திறந்து, பெஞ்ச் பிரஸ் பகுதி முழுவதையும் தமிழில் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. தலை, தோள்கள், பிட்டம் மூன்றும் பெஞ்சில் பட்டிருக்க வேண்டும். பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். கம்பியை இறக்கும்போது முழங்கை தோள் மட்டம் வரை வர வேண்டும். முதுகு எவ்வளவு எழும்பலாம் என்று எந்த இடத்திலும் இல்லை. மூன்று முறை தேடினேன்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை எமல்டா டீச்சரிடம் காட்டினேன். கவனமாகப் படித்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்க பியூலா. அந்த ஒரு சொல்ல மட்டும் மாத்திரு" என்றார்.

எந்தச் சொல் என்று கேட்டேன். டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்து விரலால் தொட்டுக் காட்டினார். 'பிட்டம்'. 'அமரும் பகுதி' என்று மாற்றினேன்.

ஜூலை 4, வெள்ளி

அண்ணாச்சி நான்கு பக்கத்தையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கே. யாரு எழுதுனது?"

"நான்தான் அண்ணாச்சி. மூணாம் பக்கத்துல முதுகு பத்தி..."

"அருமையா இருக்கு. ஞாயித்துக்கிழம கமிட்டி கூடுது. நம்ம கணக்குப்பிள்ள எழுதுனா அவனுக்கே வெளங்காது. நீ வந்து மினிட்ஸ் எழுதிரு."

என் கையெழுத்துக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியின் எல்லா வரவேற்பு மடலும் நான் எழுதியதுதான். யாரையும் வரவேற்று எனக்கு மேடையில் நிற்க இடம் கிடைத்ததில்லை. நாமக்கல்லுக்குக் கையெழுத்தை அனுப்ப மாட்டார்கள். ஆளைத்தான் அனுப்புவார்கள். அதனால்தான் எனக்குப் போக வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

கமிட்டி பதினோரு மணிக்குக் கூடியது. தலைவர் பல் டாக்டர். பொருளாளர் அரிசிக்கடைக்காரர். செயலாளர் அண்ணாச்சி. எமல்டா டீச்சர் சிறப்பு அழைப்பாளர். வடை வந்த பிறகு கூட்டம் தொடங்கியது. மினிட்ஸில் எழுத முடியாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி முதலில் டாக்டரிடம் மருத்துவக் கருத்துக் கேட்டார். டாக்டர் வடையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"முதுகெலும்புங்கது ரொம்ப முக்கியமான எலும்பு" என்றார்.

"குறிச்சுக்கோம்மா" என்றார் அண்ணாச்சி. குறித்தேன்.

பொருளாளர் நேராக விஷயத்துக்கு வந்தார். "பொம்பளப் பிள்ளைய அப்பிடி வளஞ்சு கெடந்தா பாக்க வாரவன் எதப் பாப்பான்?"

"கம்பியப் பாக்கலாம்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மினிட்ஸ் எழுதுகிறவள் தன் பேச்சைத் தானே பதிவு செய்வது முறையல்ல என்பதால் இதை எழுதவில்லை.

எமல்டா டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பையங்களும் வளைக்கத்தான செய்றாங்க அண்ணாச்சி? நம்ம ஹார்பர் டீம் பையன் போன வருஷம் அரை வட்டமால்லா கெடந்தான்."

"அது டெக்னிக், டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

அடுத்து அளவு. முழுக்கத் தட்டையாக இருக்கச் சொல்லலாமா, கொஞ்சம் விடலாமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். கட்டட ஒப்பந்தக்காரரான அண்ணாச்சி தன் தொழில் அனுபவத்திலிருந்து முடிவு சொன்னார். "பாத்ரூம் தரைக்கு நாம ஒன்றரை இஞ்ச் வாட்டம் விடுதோம். தண்ணி நல்லா ஓடிரும். அது போதும்."

தீர்மானம்: பெண்கள் பிரிவுக்கு மட்டும், முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த முயற்சி செல்லாது. மூவரும் கையெழுத்திட்டார்கள். நான் அழகாக எழுதியிருந்ததாக மூவரும் சொன்னார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

வேதியியல் தேர்வு. மாலையில் முதுகை வளைக்காமல் முப்பத்தைந்து. மூன்றாவது தடவை கம்பி நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஜூலை 10, வியாழன்

அண்ணாச்சி தன் ஆசாரியிடம் ஒரு கட்டை செய்து வாங்கி வந்திருக்கிறார். தேக்கு. கதவு நிலையில் மிஞ்சிய துண்டு. ஒன்றரை அங்குல உயரம், நான்கு விரல் அகலம், பெஞ்சின் குறுக்கே விடுகிற நீளம். சிவப்பு வார்னிஷ். படுத்திருக்கும்போது இதை முதுகுக்கு அடியில் ஒரு பக்கம் நுழைத்து மறு பக்கம் எடுக்க முடிந்தால் முயற்சி செல்லாது. நுழைப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பொறுப்பு எமல்டா டீச்சருக்கு.

கட்டை சரியாக இருக்கிறதா என்று அண்ணாச்சி சோதித்தார். டேப் பிடித்தார். ரசமட்டம் வைத்தார். பெஞ்சின் மேல் வைத்து, தரையில் வைத்து, ஜன்னல் விளிம்பில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு" என்றார்.

ஒரு மனிதரையும் படுக்க வைத்துப் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

என்னிடமுள்ள அகராதி சரியாக ஒன்றரை அங்குலத் தடிமன்.

அம்மா இறால் கம்பெனியிலிருந்து வந்து பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். எட்டு மணி நேரம் குனிந்து நின்று இறால் உரித்துவிட்டு வந்த முதுகு. அதற்கடியில் அகராதியை விட்டேன். இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"ஏளா, என்னத்தச் சொருகுத?"

"அகராதி."

"அத வெளிய வச்சுப் படிக்கப்படாதா?"

அம்மா கம்பி எதையும் தூக்கவில்லை. முதுகை வளைக்கவும் இல்லை. சும்மா படுத்திருந்தாள். எல்லா மனித முதுகிலும் இடுப்புக்கு மேல் ஒரு குழி இருக்கிறது என்று உயிரியல் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். கமிட்டியில் டாக்டர் உட்பட யாருக்கும் பதினோராம் வகுப்பு உயிரியல் நினைவில் இல்லை.

அம்மாவை விட்டு என் முதுகுக்கு அடியில் அகராதியை நுழைக்கச் சொன்னேன். வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைப் பாயோடு அழுத்தினேன். முதல் தடவை போனது. ஐந்தாவது தடவை போகவில்லை. அம்மா நல்ல பலத்துடனேயே தள்ளினாள்.

ஆக, பழகினால் முடியும். முப்பத்தைந்துதான் வரும். ஆனால் முடியும்.

ஜூலை 15, செவ்வாய்

பொன்சித்ரா இன்று வலிய வந்து பேசினாள்.

"மூச்ச நெஞ்சுல பிடிக்காத. வயித்துல பிடி."

எதிராளி தரும் அறிவுரையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது யோசிக்க வேண்டியது. வயிற்றில் பிடித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து மூன்று தடவை போனது. தற்செயலாக இருக்கலாம்.

ஜூலை 19, சனி

இதைக் கவனமாக எழுத வேண்டும்.

பயிற்சி முடிந்து பொன்சித்ரா பெஞ்சில் சும்மா படுத்து, போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்ததால் என் கண் அவளுடைய முதுகு மட்டத்தில் இருந்தது. அவள் முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவே எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த உணவு அட்டவணை தெரிந்தது. 'முட்டை - 4' என்பதை என்னால் படிக்க முடிந்தது.

அவளுக்கு இயல்பாகவே அப்படி. பிறவி வளைவு. என் அகராதி அல்ல, அண்ணாச்சியின் கட்டை இரண்டை அடுக்கி விட்டாலும் போகும்.

யாரும் அவளைச் சோதித்துப் பார்க்கவில்லை. 'எங்க வீட்டுப் பிள்ள நேரா படுக்கும்' என்று அண்ணாச்சி கமிட்டியிலேயே சொல்லியிருந்தார்.

நான் சொல்லவில்லை. சொல்வது என் வேலை அல்ல. கமிட்டித் தீர்மானத்தின் சுற்றறிக்கை வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. அவளே படித்துக்கொள்ளலாம். என் கையெழுத்துதான், நன்றாகப் புரியும்.

ஜூலை 22, செவ்வாய்

கட்டை வைப்பது போட்டியன்றுதானே, இன்று ஒரு தடவை வளைத்துப் பார்க்கலாம் என்று நாற்பத்திரண்டரை போட்டேன். போனது.

கம்பி பிடித்துவிட நின்றவள் பொன்சித்ரா. "ஏட்டி, தள்ளும்போது ஒனக்குப் பின்பக்கம் எந்திரிக்கி. ஒரு விரக்கடதான். ஆனா எந்திரிக்கி."

"இல்ல."

"நான் பாத்தேன்லா."

விதியைத் தமிழில் எழுதியவள் நான். எனக்கு அவள் விதி சொல்கிறாள். என்னைக் குழப்பப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். பள்ளியில் உளவியல் பாடம் இல்லாவிட்டாலும் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஜூலை 26, சனி

பொன்சித்ரா கணக்குப்பதிவியலில் முப்பத்து நான்கு.

"நாமக்கல் சர்ட்டிபிகேட் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கயாவது சேத்துக்கிடுவாவ. இல்லன்னா பன்னண்டு முடிச்சதும் மாப்பிள பாக்கப் போறாவளாம். பெரியப்பாதான் முன்னால நிக்காரு" என்றாள், தண்ணீர் குடித்துக்கொண்டே.

"எதுக்கு முன்னால? நாமக்கல்லுக்கா, மாப்பிள்ளைக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எதிராளியிடம் இப்படிச் சொல்வது ஒரு உத்தியாக இருக்கலாம் என்று எழுதி வைக்கிறேன். எழுதிய பிறகு படித்தால் நன்றாக இல்லை. அடிக்கவும் மனமில்லை, மையை வீணாக்கக்கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இயற்பியல் வீட்டுப்பாடம் நிறைய இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

எடை பார்த்தோம். நான் ஐம்பத்தொன்று நானூறு. பொன்சித்ரா ஐம்பத்தொன்று தொள்ளாயிரம். இருவரும் ஒரே எடை தூக்கினால் உடல் எடை குறைந்தவருக்கு வெற்றி. அதாவது எனக்கு. விதிப் புத்தகம், முதல் பகுதி.

அம்மா இரவு மீன் குழம்பு வைத்தாள். முள்ளை எடுத்து எடுத்து வைத்தாள், நான் ஏதோ சின்னப் பிள்ளை மாதிரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்தது முழுவதையும் வரிசையாக எழுதுகிறேன்.

போட்டி சமுதாயக் கூடத்தில் நடந்தது. தலைமை நடுவர் மதுரையிலிருந்து வந்த நாச்சியார் மேடம். ரயில்வேயில் வேலை. கை இரண்டும் தேக்கங்கட்டை. பக்கத்துக்கு ஒருவராக வேறு இரண்டு நடுவர்கள், அவர்களும் வெளியூர். நடுவர் ஒவ்வொருவரிடமும் ஒரு வெள்ளைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. ஒவ்வொரு போட்டியாளருக்கும் மூன்று முயற்சிகள்.

மேடம் மேசை மேல் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்னது?"

"கட்டை மேடம்" என்றார் அண்ணாச்சி.

"அது தெரியுது. எதுக்கு?"

அண்ணாச்சி சுற்றறிக்கையை நீட்டினார். மேடம் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஆம்பளைங்களுக்கு?"

"அவங்களுக்கு இல்ல மேடம்."

"சரி. மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, சீல் இருக்கு. அப்ப அளந்துதான் ஆகணும்."

"அதான மேடம், விதின்னா விதி" என்றார் அண்ணாச்சி.

முதலில் நான், முப்பத்திரண்டரை. இடுப்பைப் பெஞ்சோடு அழுத்திப் படுத்தேன். எமல்டா டீச்சர் குனிந்து கட்டையைத் தள்ளினார். போகவில்லை. தூக்கினேன். மூன்று வெள்ளை. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இருந்தது. சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அடுத்து பொன்சித்ரா, முப்பத்தேழரை. படுத்தாள். டீச்சர் கட்டையை நுழைத்தார். அது வெண்ணெயில் கத்தி போவதுபோல் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. கம்பியைத் தொடும் முன்பே மேடம் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

"சித்ரா, நேரா படுத்தா" என்றார் அண்ணாச்சி.

"நேராத்தான் பெரியப்பா படுத்திருக்கேன்."

இரண்டாவது சுற்று. நான் முப்பத்தைந்து. மூன்று வெள்ளை. பொன்சித்ரா படுத்து, இடுப்பை அழுத்தி, முகம் சிவக்க மூச்சை விட்டாள். கட்டை போனது. சிவப்பு.

இன்னும் ஒரே முயற்சி. அதுவும் போனால் அவளுக்கு ஒன்றுமே இல்லை. பூஜ்யம். நான் நாமக்கல்.

அண்ணாச்சி மேடைக்கு வந்துவிட்டார். "இப்பிடிப் படுக்கணும்" என்று காட்டுவதற்காக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே பெஞ்சில் படுத்தார். எமல்டா டீச்சர் குனிந்து அவர் முதுகுக்கு அடியில் கட்டையை விட்டார். போனது. டீச்சர் சுற்றிப் போய் அதை எடுத்து, இந்தப் பக்கம் வந்து, இன்னொரு தடவையும் விட்டார். மறுபடியும் போனது. மூன்றாவது தடவை தேவையே இல்லை, ஆனாலும் விட்டார். கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். டீச்சரை நான் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்த்ததில்லை.

அண்ணாச்சி எழுந்து டாக்டரிடம் ஏதோ கேட்டார். டாக்டர் அது பல் சம்பந்தப்பட்டது அல்ல என்பது போலக் கையை விரித்தார்.

"மேடம், அந்த விதிய வாபஸ் வாங்கிக்கிடுதோம்" என்றார் அண்ணாச்சி.

"போட்டி ஆரம்பிச்சாச்சே. நீங்களா மாத்த முடியாது. இந்தப் பிரிவுல தூக்குறவங்க எல்லாரும் சம்மதம்னு எழுதிக் கொடுத்தா எடுத்திருவேன். இல்லன்னா இல்ல. எத்தன பேரு?"

"ரெண்டு பேரு மேடம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கமிட்டியில் பார்த்தது போல அல்ல.

அண்ணாச்சி ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார். குரல் வெல்லம் மாதிரி இருந்தது. "எம்மா பியூலா, நல்ல கையெழுத்து ஒங்கிட்டதான இருக்கு. நீயே எழுதிரும்மா. ஒனக்கும் நல்லதுதான? நீயும் வளைக்கலாம்லா."

இந்த நாட்குறிப்பில் பொய் எழுதக்கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனவே, முதலில் மறுக்கத்தான் நினைத்தேன். அந்த விதி முட்டாள்தனம் என்று சொன்னவள் நான் ஒருத்திதான். அதையே வைத்து ஜெயிக்கவும் எனக்குத்தான் வாய்த்தது. ஒரு வார்த்தை போதும். அதுகூடத் தேவையில்லை, பேனாவைத் தொடாமல் இருந்தால் போதும்.

பொன்சித்ரா அருகில் வந்து உட்கார்ந்தாள். கையெல்லாம் சுண்ணப்பொடி. "இஷ்டமில்லன்னா எழுதாத. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"ஒன் முதுகு அப்படின்னு எனக்கு முன்னாலயே தெரியும்" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"எனக்கும்தான் தெரியும். பெரியப்பாட்ட நாலு மட்டம் சொன்னேன். நேரா படு, சரியாயிரும்னு சொன்னாரு."

எழுதினேன். மூன்று வரி. கையெழுத்து நன்றாக வரவில்லை. இருவரும் கையெழுத்திட்டோம். மேடம் வாங்கிப் படித்து மடித்து வைத்துக்கொண்டார். கட்டையை மேசைக்கு அடியில் போட்டார்.

மூன்றாவது முயற்சிக்கு எடை சொல்ல வேண்டும். பொன்சித்ரா நாற்பது. எமல்டா டீச்சர் என் காதருகே வந்தார். "ஒனக்கும் நாப்பது போதும். எட கொறஞ்சவ நீ. நாப்பது தூக்குனா நீதான்."

எனக்குத் தெரியும். அந்த விதியை நேற்றுத்தான் இந்த நாட்குறிப்பில் எழுதினேன்.

"நாப்பத்திரண்டரை" என்றேன்.

"எதுக்கு?"

அதற்குப் பதில் இப்போதும் எழுதத் தெரியவில்லை. இவ்வளவு நாள் தட்டையாகக் கிடந்ததற்குச் சேர்த்து வளைக்க வேண்டும் போலிருந்தது. கமிட்டி மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

குறைந்த எடை முதலில். பொன்சித்ரா படுத்தாள். யாரும் அவளை நேராகப் படுக்கச் சொல்லவில்லை. தோள்களை நெருக்கி, பாதங்களைப் பின்னால் இழுத்து, நெஞ்சைத் தூக்கினாள். நான் எட்டு மாதம் படித்துப் படித்துக் கொண்டுவந்த வளைவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நாற்பது கிலோ காலிக் கம்பி போல மேலே போனது. மூன்று வெள்ளை.

பிறகு நான். கம்பியை இறக்கினேன். நெஞ்சில் நிறுத்தினேன். "பிரஸ்" என்றார் மேடம். தள்ளினேன். பாதி வழியில் நின்றது. இன்னும் தள்ளினேன். கை நிமிர்ந்தது, கூட்டம் கை தட்டியது, நான் எழுந்து கொடிகளைப் பார்த்தேன்.

ஒரு வெள்ளை. இரண்டு சிவப்பு.

மேடத்திடம் போய்க் காரணம் கேட்டேன். விதிப்படி கேட்கலாம்.

"குண்டியத் தூக்கிட்டியேம்மா" என்றார். அவர் சொல்லை மாற்றவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பொன்சித்ராவை மேடைக்கு அழைத்தார்கள். வாழ்த்துமடலை நேற்று மாலையே என்னை எழுதச் சொல்லியிருந்தார்கள். 'வில்லென வளைந்து வெற்றி கண்ட' என்று ஒரு வரி தலைமையாசிரியை சேர்க்கச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன் வளைவு அசிங்கம். சேர்த்தேன்.

மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அண்ணாச்சி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க பிள்ளைக்குப் பிறவியிலேயே அந்த ஆர்ச் உண்டு. நான் சின்னதுலயே பாத்துட்டேன்." என்னைக் கண்டதும் போனைப் பொத்திக்கொண்டு, 'இங்கு பெண்களுக்கு முறையான முதுகு வளைவுப் பயிற்சி அளிக்கப்படும்' என்று வாசலுக்கு ஒரு பலகை எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

எனக்குப் பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை இல்லை. முதன்முறையாக ஒன்றை எழுத மறுத்திருக்கிறேன்.

பொன்சித்ரா பெஞ்சில் படுத்து, "ஏட்டி, கம்பி எடுத்துக் குடு" என்றாள். கொடுத்தேன். நாற்பத்தைந்து முயற்சி செய்தாள், பாதியில் நின்றது. இருவரும் சேர்த்துத் தூக்கி மாட்டினோம். பிறகு நான் படுத்தேன். அவள் தரையில் மண்டியிட்டு, கன்னத்தைப் பெஞ்சு மட்டத்தில் வைத்து, நான் தள்ளும்போது பார்த்தாள்.

"எந்திரிக்கி" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

உயிரியல் வகுப்பு முடிந்து வரும்போது எமல்டா டீச்சர் மைதானத்தில் கூப்பிட்டார். விசிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாம இருந்திருந்தா நீ போயிருப்பே."

"ஆமா டீச்சர்."

"போட்ட பெறகும், நாப்பது கேட்டிருந்தா நீதான் போயிருப்பே."

"ஆமா டீச்சர்."

"ரெண்டுல எதுக்கு வருத்தப்படுத?"

"ரெண்டுக்கும் இல்ல டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கைப்பந்து வலையைப் பார்த்தேன்.

இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன். இரண்டுக்கும் இல்லை.